வெடிக்காத களம்

கூத்தையா ஓர் இடத்துக்கு வருகிறார் என்றால் அவருக்கு முன்னால் அவருடைய குரல் வந்து உட்கார்ந்துவிடும். அன்று காலையும் அப்படித்தான். உமாமகேஸ்வரி அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். தெருமுனையில் "ஏலே அய்யப்பா" என்று கேட்டது. அதன் பின்னாலேயே கடப்பாரை தரையில் இழுபடும் சத்தமும், ஐந்தாறு பேர் சிரிக்கும் சத்தமும் வந்தன. பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை.

இன்றைக்கு இவர்கள் வரக்கூடாது. நாளைக்குத்தான் வேலை. அதுவும் இவர்களை வைத்து இல்லை.

முன்கூடத்துக்கு மேலே கிடப்பது சிமெண்டு சீட். ஆஸ்பெஸ்டாஸ் என்று கடைக்காரர் சொல்வார், ஊருக்கு அது வெறும் சீட்தான். அய்யப்பனின் அப்பா போட்டது. வெயிலில் வெளுத்து, மழையில் பாசி பிடித்து, இப்போது விரலால் தேய்த்தாலே மாவாக உதிர்கிற பதத்துக்கு வந்திருந்தது. இருபத்திரண்டு வயது மகள் ஜோதிகாவுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை திருவாடானைப் பக்கம். அதற்குள் சீட்டை இறக்கிவிட்டுக் காங்கிரீட் போட்டுவிட வேண்டும். பரமக்குடியிலிருந்து இரண்டு ஆட்களை உமா நாளைக்கு வரச் சொல்லியிருந்தாள். உடைக்கக்கூடாது, போல்ட்டைக் கழற்றி, தண்ணீர் அடித்து நனைத்து, முழுசு முழுசாக இறக்க வேண்டும் என்று அவர்கள் காது புளிக்கச் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்திருந்தாள். அன்றைக்கு அய்யப்பனைப் பத்திரிகை வைக்கிற சாக்கில் தொண்டிக்கு அனுப்பிவிடுவது. புருஷன் அந்தப் பக்கமே நிற்கக்கூடாது. அவள் திட்டத்தின் தலையும் அதுதான், வாலும் அதுதான்.

ஏனென்றால் அய்யப்பனின் நெஞ்சுக்குள் ஏற்கெனவே அந்தத் தூசி இருந்தது.

இளவட்டமாக இருந்தபோது கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லுகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் கூரை போடுகிற வேலைக்குப் போனவன் அவன். சீட்டை மிஷினில் வைத்து அறுப்பான். சாயங்காலம் அறைக்குத் திரும்பும்போது புருவம்வரை வெள்ளையாக இருக்கும். புதிதாகக் கல்யாணமாகிக் கூட இருந்த உமாவும் அவனும் அதைப் பார்த்துச் சிரித்ததுண்டு. போன மழைக்காலத்தில் மூச்சு வாங்குகிறது என்று மதுரைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "சீட் அறுக்குற வேல பாத்தீங்களா?" என்பதுதான். அந்தத் தூசி உள்ளே போனால் கரையாது, வெளியேயும் வராது. நுரையீரலில் தழும்பாகி, இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். தழும்பானது ஆனதுதான், இனி ஒரு சிட்டிகை உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஊருக்கு இது தெரியாது. மிளகாய் விளைகிற ஊரில் ஒருவன் இருமினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நெடி என்று சொன்னால் முடிந்தது. நெஞ்சுச் சீக்கு என்று வாய் திறந்தால் காசநோய் என்பார்கள், பரம்பரைச் சீக்கு என்பார்கள், அந்த வீட்டுப் பெண்ணா என்று யோசிப்பார்கள். "தாலி ஏறுற வரைக்கும் ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாது" என்று அய்யப்பன் மகள் பேரில் உமாவிடம் சத்தியம் வாங்கியிருந்தான். ஜோதிகாவுக்கே அவர்கள் சொல்லவில்லை.

கூத்தையா உள்ளே வந்துவிட்டார். அய்யப்பனுக்குப் பெரியப்பா மகன். நல்ல உயரம், நல்ல மனசு, எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் மட்டும் கிடையாது. கூடவே அவர் மகன் வீரமணியும் பங்காளிகள் நான்கைந்து பேரும். கடைசியாக அவர் சம்சாரம் ராக்கு, கையில் கூடை நிறையக் கறியும் காயுமாக.

"என்னத்தா உமா, கூலிக்கு ஆளு சொல்லி விட்டிருக்கியாம்? டீக்கடையில வச்சுச் சொல்றான். நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் உள்ளுக்குள் வலித்திருக்கிறது என்று உமாவுக்குத் தெரிந்தது. அந்த ஊரில் கூரை பிரிப்பது பங்காளிகள் வேலை. கூலி பேச்சே கிடையாது. வீட்டுக்காரன் முதலில் கை வைக்க வேண்டும், அப்புறம் எல்லாரும் ஏறுவார்கள், மத்தியானம் கறிச்சோறு. வெளியாள் வந்து கூரை பிரித்தால் அந்த வீட்டுக்கு நாதியில்லை என்று அர்த்தம்.

"அப்படி இல்ல மச்சான். எல்லாருக்கும் மொளகா எடுக்குற நேரம், ஏன் சிரமம் குடுக்கணும்னுதான்."

"நாளைக்குக் கரிநாளு, அதப் பாத்தியா? இன்னைக்குத்தான் நல்ல நாளு. வேலைய முடிச்சுட்டுத்தான் போறோம்." கூத்தையா மேலே அண்ணாந்து பார்த்தார். "ஏலே அய்யப்பா, ஏறுடா. உன் கைதான் மொதல்ல."

அய்யப்பன் சட்டை மாட்டிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தான். உமாவைப் பார்த்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"அவருக்கு ரெண்டு நாளா இடுப்பு புடிச்சுக்கிருச்சு மச்சான்."

"ஏறுனா விட்டுப் போகும்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் மேலேறி ஏணியும் வந்து சுவரில் சாய்ந்துவிட்டது.

உமா கையில் இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். மெடிக்கலில் சொல்லி வாங்கிவைத்த தடிமனான மாஸ்க்கைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று நீட்டினாள். கூத்தையா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். வீரமணி மட்டும் மரியாதைக்கு மாட்டிக்கொண்டு, ஏணியைத் தொடுவதற்குள், "மூச்சு முட்டுது சித்தி" என்று தாடைக்குக் கீழே இறக்கிவிட்டான். மிளகாய்க்கு மருந்தடிக்கிற மிஷினைச் சுத்தமாகக் கழுவி, அதில் அடிப்பதற்காக இரண்டு டிரம் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். அதைக் காட்டி, "நனச்சுக்கிட்டாவது எடுங்க மச்சான், தூசி பறக்காது" என்றாள்.

"ஊருல குடிக்கத் தண்ணி இல்ல. நீ சீட்டுக்குக் குளிப்பாட்டப் போறியாக்கும்?"

"அந்தத் தூசி ஆகாதாம். செல்லுல போட்டிருந்தான்."

"செல்லுல உப்பே ஆகாதுங்கிறான். கேட்டுக்கிட்டா இருக்கோம்?"

இனிச் சொல்ல மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால் நொடியில் எல்லாரும் ஏணியை எடுத்துவிடுவார்கள். மத்தியானத்துக்குள் அது முதுகுளத்தூர் பஸ் ஏறி, சாயங்காலத்துக்குள் திருவாடானையில் இறங்கிவிடும்.

அதற்குக்கூடப் பஸ் தேவைப்படவில்லை. வாசலில் பைக் வந்து நின்றது. இறங்கியவர் செல்லச்சாமி, மாப்பிள்ளையின் அப்பா. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மூத்தவரு போன் பண்ணுனாரு. சம்பந்தி வீட்டு வேலை, ஒரு கை குடுப்போம்னு வந்தேன்" என்றார். கூத்தையா பெருமையோடு மீசையைத் தடவினார். உமா அவர் முகத்தைப் பார்க்காமலே தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அய்யப்பன் துண்டை டிரம்மில் முக்கிப் பிழிந்து மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். ஏணியில் கால் வைத்தான். உமா ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்குங்க" என்றாள், உதடு அசையாமல்.

"சம்பந்தி நிக்கிறாரு. வுடு."

பாதி ஏணியிலேயே அவனுக்கு மூச்சு இழுத்தது. ஈரத்துண்டு மூக்குக்குள் போய்ப் போய் வந்தது. அவன் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையை நீட்டிச் சீட்டின் ஓரத்தைத் தொட்டான். தொட்ட இடத்தில் கொஞ்சம் உதிர்ந்தது. உடனே இறங்கிவிட்டான்.

"கை வச்சாச்சுண்ணே."

"தாலி கட்டுன மாதிரி தொட்டுட்டு வர்றான் பாருங்க சம்பந்தி" என்று கூத்தையா சொல்ல, ஏணியடியில் மறுபடியும் சிரிப்பு. அய்யப்பன் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போனான். அவன் அங்கே போய் இருமுவான் என்று உமாவுக்குத் தெரியும். கேட்காதபடி இருமுவதற்கு அவன் பழகியிருந்தான்.

கூத்தையா கடப்பாரையோடு மேலே ஏறினார். முதல் இடியிலேயே சீட் படாரென்று பிளந்து கூடத்துக்குள் விழுந்தது. விழுந்த ஓட்டை வழியே வெயில் இறங்கியது. அந்த வெயிலில்தான் உமா அதைக் கண்ணால் பார்த்தாள். பொடி மேலே ஏறியது, நின்றது, மெதுவாக இறங்கியது, இறங்கும் அவசரம் அதற்கு இல்லை. கீழே நின்ற பங்காளி ஒருவர் தலையைத் தட்டிக்கொண்டு தும்மினார். இன்னொருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்.

உமா மிஷினை முதுகில் மாட்டினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாஸ்க்கை மூக்கில் அழுத்திக்கொண்டு, விழுந்த இடத்திலெல்லாம் தண்ணீரை அடித்தாள். மேலே பார்த்து அடித்தாள், கீழே பார்த்து அடித்தாள். ஒருவர் ஓரத்தில் கிடந்ததை விளக்குமாற்றால் கூட்டப் போனார், அந்த விளக்குமாற்றைப் பிடுங்கித் தூர எறிந்தாள். "சம்பந்தியம்மா மொளகாத் தோட்டம்னு நெனச்சுட்டாக" என்று செல்லச்சாமி சொன்னார். அவர் தமாஷாகத்தான் சொன்னார். உமாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அன்பாக வந்து கொலை செய்துகொண்டிருக்கிறவர்களை எந்த வார்த்தை சொல்லித் திட்டுவது?

காற்று எழும்ப ஆரம்பித்தது. கிழக்கேயிருந்து வருகிற காற்று. அதற்குள் கூத்தையா மேலேயிருந்து அடுத்த உத்தரவைப் போட்டுவிட்டார்.

"ஏலே வீரமணி, ஒடஞ்சத அங்கன தள்ளு. களத்துக்கு ஆகும்."

அந்த ஊர் கரிசல் ஊர். மிளகாய் காயப்போடுகிற களத்தில் வெறும் மண்ணை மெழுகினால் வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடித்துவிடும், வெடிப்புக்குள் மிளகாய் போய்விடும். அதற்குக் கூத்தையா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ரைஸ்மில்லைப் பிரித்தபோது கிடைத்த உடைந்த சீட்டையெல்லாம் வண்டியில் அள்ளி வந்து, இடித்துப் பொடியாக்கி, செம்மண்ணோடு குழைத்துத் தன் களத்தில் போட்டு, தரை இடிக்கிற திம்சால் இறுக்கினார். களம் வெடிக்கவே இல்லை. அதைப் பார்த்து ஊரில் பாதிப் பேர் தங்கள் களத்தை அப்படிப் போட்டுக்கொண்டார்கள். யார் வீட்டில் சீட் உடைந்தாலும் இன்றுவரை அவரிடம்தான் வந்து கேட்பார்கள். தன் வாழ்க்கையில் சொந்தமாகச் செய்த காரியம் என்று கூத்தையா அதைத்தான் சொல்வார்.

"வந்து பாருங்க சம்பந்தி, நம்ம களத்த. கண்ணாடி மாதிரி இருக்கும். இவங்களுக்கும் இன்னைக்கே ஒண்ணு போட்டுருவோம்."

"எங்க பக்கம் இது தெரியாதே" என்று செல்லச்சாமி ஆர்வமாகச் சொன்னார்.

வாசலுக்குப் பக்கத்தில் வீரமணி திம்சைத் தூக்கிப் போட்டு இடிக்க ஆரம்பித்தான். கனமான இரும்பு அது. ஒவ்வொரு இடிக்கும் சீட் துண்டு நொறுங்கி, அதிலிருந்து வெள்ளையாகக் கிளம்பியது. கிளம்பியதைக் காற்று வாங்கிக்கொண்டது. அவன் சட்டையில்லாமல் வெறும் மேலோடு இருந்தான். மாஸ்க் இன்னும் தாடைக்குக் கீழேதான் தொங்கியது. உமா மிஷினோடு அங்கே ஓடினாள். டேங்கில் தண்ணீர் தீர்ந்திருந்தது. பம்ப்பை அடித்தால் வெறும் காற்றுதான் சீறியது. டிரம்முக்கு ஓடினாள். மொண்டு ஊற்றினாள். பாதி தண்ணீர் காலில் கொட்டியது.

நிமிர்ந்தபோது ஜோதிகா அங்கே இருந்தாள்.

கொல்லைப்புறத்தைவிட்டு வரக்கூடாது என்று உமா மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் ராக்கு, "மாமனாரு வந்து நிக்கிறாரு, ரெண்டு தட்டு அள்ளிக் கொட்டுனா என்ன ஆத்தா? நல்லாருக்கும்ல?" என்று கையில் தட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். ராக்கு சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஊரில் பெண்ணைப் பெற்ற யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஜோதிகா குனிந்து, இடித்த பொடியைக் கையால் தட்டில் வாரினாள். அவளுக்கு ஒரு கை தூரத்தில் திம்சு இறங்கியது. பொடி அவள் முகத்துக்கு நேரே எழும்பியது. தலைமுடி, புருவம், மூக்கு நுனி எல்லாம் வெள்ளையாகிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

கோயம்புத்தூர் அறைவாசலில் நின்று சிரித்த அய்யப்பனின் அதே முகம்.

அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. அவள் கண் முதலில் போனது மகளிடம் இல்லை, செல்லச்சாமியின் முகத்துக்கு. அவர் மருமகளாக வரப்போகிறவளைப் பிரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிரியம் போய்விடுமே என்ற பயத்தில் உமாவின் நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு நொடிக்காகப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை தன்னைத்தானே வைதுகொண்டாள்.

"ஏலே, நிறுத்துங்கடா."

அய்யப்பன்தான். கொல்லையிலிருந்து ஓடிவந்திருந்தான். ஓடியதில் துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்தது. நேராக வந்து மகள் கையில் இருந்த தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்தான். அவளைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், காற்று வருகிற பக்கமாக நிறுத்தினான். வீரமணி திம்சைத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றான்.

"போட்டுருடா அத. தள்ளிப் போ."

"என்ன சித்தப்பா..."

"போடுடா."

கூத்தையா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "என்னலே, பேய் புடிச்ச மாதிரி கத்துற?"

அய்யப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். இருமல் வந்துவிட்டது. இந்தத் தடவை அவன் அதை மறைக்கவில்லை. குனிந்து, முழங்காலில் கையூன்றி, வாசலில் எல்லாருக்கும் முன்னால் இருமினான். அது நெடிக்கு இருமுகிற இருமல் இல்லை என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் விளங்கியது. உமா ஓடிப்போய் அவன் முதுகில் கை வைத்தாள். "வேணாங்க" என்றாள். எதற்காக வேண்டாம் என்றாள் என்று அவளுக்கே தெரியாது.

அவன் நிமிர்ந்தான். கூத்தையாவைப் பார்க்கவில்லை, பங்காளிகளைப் பார்க்கவில்லை. செல்லச்சாமியைப் பார்த்துத்தான் சொன்னான்.

"சம்பந்தி, எனக்கு நெஞ்சுல இந்தத் தூசிதான் இருக்கு. கோயம்புத்தூருல அறுத்த சீட்டு. மதுரையில படம் புடிச்சுப் பாத்துச் சொல்லிட்டாக. இது சரியாகாது. கல்யாணம் முடியட்டும்னு உங்ககிட்ட மறச்சேன். எம்பொண்ணு மூஞ்சில இத பாத்தபெறகு மறைக்க முடியல."

மேலே பிளந்து தொங்கிய சீட் காற்றில் ஆடிக் கட்டையில் தட்டிக்கொண்டிருந்தது. ஜோதிகா, "அய்யா" என்றாள்.

செல்லச்சாமி மெதுவாகக் கேட்டார். "ஒட்டுவாரொட்டியா?"

"இல்ல. புள்ளைக்கும் வராது, பேரனுக்கும் வராது. இந்தப் பொடிய மூச்சுல இழுக்குறவனுக்கு வரும். இன்னைக்கு இல்ல. இருவது வருசம் கழிச்சு."

"ஒரு நாளைக்கு இழுத்தா வந்துருமாலே?" என்றார் கூத்தையா. குரல் இறங்கியிருந்தது. ஏணியில் அவரும் இறங்கிக்கொண்டிருந்தார்.

"வராமப் போகலாம்ணே. எத்தன நாளைக்கு இழுத்தா வரும்னு டாக்டருக்கும் தெரியல. நாங்களும் மொத நாளு சிரிச்சுக்கிட்டுத்தான் அறுத்தோம்."

கூத்தையா திரும்பி மகனைப் பார்த்தார். வீரமணி தலையிலிருந்து இடுப்புவரை வெள்ளையாக நின்றான். அவர் அவனிடம் போய்த் தன் துண்டை எடுத்து அவன் தோளைத் தட்டிவிடக் கையை ஓங்கினார்.

"தட்டாதீங்க மச்சான்" என்று உமா கத்தினாள். இப்போது அவள் நாக்கு அவிழ்ந்துவிட்டது. "தட்டுனா மறுபடி பறக்கும். தண்ணி ஊத்தணும். எல்லாரும் கெணத்தடிக்குப் போங்க. துணியோட நின்னு ஊத்திக்கங்க. ஒதறாதீங்க."

அந்த வீட்டில் அதுவரை யாரும் அவள் சொல்லிக் கேட்டதில்லை. இப்போது பங்காளிகள் ஒவ்வொருவராகக் கிணற்றடிக்குப் போனார்கள். அவர்கள் அவிழ்த்துப் போட்ட ஈரத்துணிகளை உமா ஒரு சாக்கில் திணித்துக் கட்டினாள். ஜோதிகாவின் தலையில் அவளே தண்ணீரை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். "போதும்மா" என்று மகள் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை.

செல்லச்சாமி கைகால் கழுவிக்கொண்டு வந்தார். பைக் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். சாப்பிட்டுப் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. "எம்மவன்ட்ட நான் சொல்லணும். எனக்கு மறைக்கத் தெரியாது" என்றார். அது குத்தலா, இல்லை வெறும் பேச்சா என்று உமாவுக்குப் புரியவில்லை. பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை அய்யப்பன் வாசலிலேயே நின்றான்.

மிச்சத்தை நாளைக்குப் பரமக்குடி ஆட்களே இறக்கட்டும் என்று முடிவாயிற்று. கரிநாள் என்று கூத்தையாவும் சொல்லவில்லை. ஆனால் கீழே உடைந்து கிடந்ததை அப்படியே விட முடியாது, காற்று தூக்கிவிடும். உமா சொல்லச் சொல்லப் பங்காளிகள் மாஸ்க்கை மூக்கில் இறுக்கிக்கொண்டு செய்தார்கள். டிரம்மில் இருந்த தண்ணீர் முழுவதையும் மேலே அடித்து ஊறவைத்தார்கள். விளக்குமாற்றைத் தொடவில்லை. ஈரச் சாக்கால் ஒற்றி எடுத்து, கையால் வாரி, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார்கள். எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ராமநாதபுரம் ஆபீசில் கேட்டுச் செய்ய வேண்டும், அதுவரை கொல்லையில் தார்ப்பாயின் கீழே இருக்கட்டும் என்றாள் உமா. கூத்தையா அவள் சொன்னதையெல்லாம் செய்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது.

கறிச்சோறு சமைத்தது சமைத்தபடியே இருந்தது. யாரும் தட்டைத் தொடவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் அய்யப்பனின் செல்போன் அடித்தது. திரையில் செல்லச்சாமி பெயர். அவன் எடுக்காமல் அதையே பார்த்தான். உமா பிடுங்கி எடுத்துக் காதில் வைத்தாள். முடிந்தது, சொல்லிவிடப் போகிறார், பெண்ணை எப்படித் தேற்றுவது என்று அதற்குள் அவள் மனம் எங்கோ ஓடிவிட்டது.

"சம்பந்தியம்மாவா? அந்தப் பரமக்குடி ஆளுக நம்பரு வேணும்."

"எதுக்குங்க?"

"எங்க வீட்டு மாட்டுக் கொட்டகையும் இதே சீட்டுதான். மழைக்கு ஒழுகுது. அதுக்குப் பக்கத்துலதான் கல்யாணப் பந்தல் வரணும். மருமக வந்து நிக்கிறதுக்குள்ள அத எறக்கிருவோம்." கொஞ்சம் நிறுத்தினார். "என் பையனும் அதையேதான் சொன்னான். சம்பந்திய ஏணி ஏற வுடாதீங்க."

உமா செல்போனைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அய்யப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஜோதிகா ஈரத் தலையோடு வந்து அவன் முதுகில் சாய்ந்துகொண்டாள். அவன் அவளைத் தள்ளவில்லை.

அழுகை ஓய்ந்த பிறகுதான் உமாவுக்கு ராக்குவின் நினைவு வந்தது. கிணற்றடியிலும் காணோம், சமைத்த இடத்திலும் காணோம். சாப்பிடாமல் போயிருக்கிறாளே என்று ஒரு தூக்குவாளியில் சோற்றைப் போட்டுக்கொண்டு கூத்தையா வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் யாரும் இல்லை. பின்னால் களத்தில் இருந்தாள் ராக்கு. பத்து ஊருக்குப் பேர் போன களம். ஒரு வெடிப்பு இல்லை. அதன்மேல் சிவக்கச் சிவக்கக் குண்டு மிளகாய் பரந்து கிடந்தது. வழக்கமாக இந்த நேரத்துக்கு அவள் மிளகாயைக் குவித்து, மூடிவைத்து, களத்தைக் கூட்டித் தள்ளியிருப்பாள். காலையிலும் கூட்டுவாள், மாலையிலும் கூட்டுவாள். கல்யாணமாகி வந்த சில வருஷத்திலிருந்து அதுதான் அவளுக்கு வேலை. இன்றைக்கு அவள் களத்து விளிம்பில், கால் அதன்மேல் படாமல் நின்றிருந்தாள். கையில் விளக்குமாறு இருந்தது. சேலைத் தலைப்பை மூக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

சற்றுத் தள்ளி, வரப்பில் கூத்தையா உட்கார்ந்திருந்தார். அவர் உமாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா, சோறு" என்றாள் உமா.

ராக்கு திரும்பவில்லை. களத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இருவது வருசம்னு சொன்னான்ல அய்யப்பன். உமா, இந்தக் களம் போட்டு எத்தன வருசம் இருக்கும்?"

உமாவுக்குத் தெரியும். ஜோதிகா பிறந்த வருஷம் ரைஸ்மில்லைப் பிரித்தார்கள். அவள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். ராக்குவின் கையிலிருந்த விளக்குமாற்றை மெதுவாக வாங்கினாள். பிறகு தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனாள்.